ஏழாம் நம்பர் ஹெட்செட்

வாங்க தம்பி, வாங்க. தலையப் பாத்து. அந்தக் கம்பிக் கதவு கொஞ்சம் தாழ்வுங்க, புதுசா வர்றவங்க எல்லாரும் ஒருக்கா இடிச்சுக்குவாங்க. பதினோரு வருசமா இந்தக் கூண்டுக்குள்ளயே கெடக்கறேன், நானே இன்னும் இடிச்சுட்டுத்தான் இருக்கறேன். உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், செவுத்தோட ஒட்டிப் போட்டுக்கங்க.

நம்ம பேரு திருமூர்த்திங்க. சேப்டி ஸ்டோரு நம்ம பொறுப்பு. ஹெல்மெட்டு, கையுறை, ஷூ, இப்ப நீங்க பாக்க வந்திருக்கற ஹெட்செட்டு, எல்லாம் இங்கிருந்துதான் போகோணும், இங்கதான் திரும்பி வரோணும். ஹெட்செட்டு வித்த எடத்துல இருந்து சர்வீஸ் ஆளு வர்றாருன்னு கேட்டுல இருந்து சீட்டு குடுத்து விட்டாங்க. போனெல்லாம் வெச்சுக்கறதில்லீங்க நானு. எதுவா இருந்தாலும் சீட்டுல எழுதிக் குடுங்கன்னு சொல்லிப்போட்டேன். எழுத்துல இருந்தா நாளைக்கு ஒரு பேச்சு வராது பாருங்க.

என்னங்க? கொஞ்சம் நிமிந்து பேசுங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. என்ற பழக்கம், மொகத்தப் பாத்துப் பேசறவங்கதான் எனக்குப் பிடிக்கும். குனிஞ்சு பைக்குள்ள கைய விட்டுட்டுப் பேசுனா என்ன மரியாதை? இந்தக் காலத்துப் பசங்க எல்லாம் அப்படித்தான், முணுமுணுன்னு வாய்க்குள்ளயே பேசிக்கறாங்க. மெஷின் சத்தம் வேற. இப்ப ஓடறது ரெண்டு டன்னு சம்மட்டிதானுங்க. அஞ்சு டன்னு போட்டாங்கன்னா இந்த மேசை மேல இருக்கற பேனா தானா நடந்து போகும். பழுக்கக் காஞ்ச இரும்பு மேல ஒவ்வொரு அடியும் விழறப்ப நெஞ்சுக்குள்ள விழற மாதிரி இருக்கும். இருவத்திரெண்டு வருசம் அந்தச் சம்மட்டியில நின்னவன் நானு. காதுல பஞ்சு வெச்சுட்டு நிப்போம், அவ்வளவுதான் அப்பெல்லாம். எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. போன ஆடியில கம்பெனிக்கு டாக்டரு வந்து காது டெஸ்ட்டு எடுத்தாங்க, பாஸு.

ஏழாம் நம்பருங்களா? இருக்குது, இருக்குது. எங்க போயிரும்? எடுத்துத் தாறேன். டீ வரட்டும். அதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிப்போடறேன், ஏன்னா இந்த விசயத்துல ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க, என்னைய ஒருத்தரும் கேக்கறதில்ல.

ரெண்டு வருசம் முன்னாடி பன்னெண்டு ஹெட்செட்டு வந்துச்சுங்க. பிருந்தா மேடம்னு சேப்டி ஆபீசரு, என்ற மக வயசு, அதுதான் மொதலாளிகிட்டச் சண்டை போட்டு வாங்குச்சு. மீட்டிங் போட்டு எல்லாத்தையும் உக்கார வெச்சுக் கிளாஸ் எடுத்துச்சு. இது வெறும் காதுமூடி இல்லீங்க, உள்ள கரண்ட்டு வேலை இருக்குது, சம்மட்டி அடிச்சா அடைச்சுக்கும், ஆளு பேசுனா கேக்க வெக்கும், வண்டி ஆரன் அடிச்சா கேக்க வெக்கும்னு சொல்லுச்சு. அதிசயந்தான். காதையும் மூடோணும், ஆரனும் கேக்கோணும், ரெண்டும் ஒண்ணுல. அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க சட்டம். தண்ணி படக்கூடாதாம். எண்ணெ படக்கூடாதாம். பவுடரு கூடாதாம். வேர்வை பட்ட காது மெத்தைய ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தோணுமாம். தொப்பி மேல போடக்கூடாது, துண்டு கட்டிட்டுப் போடக்கூடாது, இடையில முடி சிக்குனாக் கூட சத்தம் உள்ள பூந்துக்கும். இன்னும் என்னென்னமோ சொல்லுச்சுங்க. பாதி காதுல விழுந்துச்சு, பாதி... அட, யாருக்கு அத்தனையும் ஞாபகம் இருக்கும்?

ஆனா ஒண்ணுங்க தம்பி, இந்தக் கம்பெனியில அந்த ஹெட்செட்ட என்னாட்டம் பாத்துக்கிட்டவன் எவனும் கெடையாது. இந்தா பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு துணிப்பை. பழைய பனியன் துணியில நானே கையில தெச்சது. நம்பரு பெயிண்ட்டுல எழுதுனது நானு. சனிக்கிழமை சாயந்தரம் பேட்டரி கழட்டி வெப்பேன், திங்கக்கிழமை காலையில போடுவேன். தெனமும் ஷிப்ட்டுக்கு முன்னாடி பன்னெண்டையும் ஒண்ணொண்ணா என்ற காதுல மாட்டி, ஸ்விட்ச்சப் போட்டு, கையத் தட்டிப் பாத்து, ரெஜிஸ்டர்ல ஓக்கேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ரெண்டு வருசத்துல ஒரு நாளு விட்டதில்ல. புரட்டிப் பாருங்க. அட பாருங்கன்னா. ஒரு அடித்தல் திருத்தல் இருக்குதுங்களா?

போடறவனுக தான் போடறதில்ல. ஒருத்தன் கழுத்துல மாலையாட்டம் தொங்கப் போட்டுக்குவான். ஒருத்தன் துண்டு மேல மாட்டுவான். ஆடிட்டு வர்றாங்கன்னா மட்டும் பன்னெண்டு பேரும் சமத்தா மாட்டிட்டு நிப்பானுக. முறையாப் போட்டது ஒருத்தந்தான். பூபதி.

ஆமாங்க, அவந்தான். ஏழாம் நம்பரு.

அவனப் பத்தித் தப்பாச் சொல்ல எனக்கு வாயி வராதுங்க. நான் சம்மட்டியில நிக்கறப்ப எனக்குக் கீழ வேலை பழகுனவன். மெத்தை சரியா ஒட்டி உக்காரோணும்னு மேடம் சொன்னதக் கேட்டுட்டு, மறுநா காலையில கிருதாவ மழிச்சுட்டு வந்து நின்னானுங்க. எல்லாரும் சிரிச்சுப்போட்டாங்க. பொண்ணு பாக்கப் போறயா மாப்பிள்ளன்னு கேலி பண்ணாங்க. அவன் கண்டுக்கவே இல்ல. எம் பொண்ணு பாடறது அறுவது வயசுலயும் எனக்குக் கேக்கோணும்ணான்னு சொன்னான். அதுக்கு ஆறு வயசு, பள்ளிக்கூடத்துல பாடுமாமா. சாயந்தரம் ஹெட்செட்டத் திருப்பிக் குடுக்கறப்பத் தொடச்சு, ரெண்டு கையிலயும் குடுப்பான். அப்படி ஒரு பையன்.

டீ வந்துருச்சு. குடிங்க. சூடு ஆறிப்போகும்.

என்னங்க? பையத் தொறக்கறீங்களா? இருங்க, இருங்க, என்ன அவசரம்? மேனேஜரு எங்க போயிறப் போறாரு? விசாரணை நாளைக்குத்தானே. இந்தாங்க, இதுதான் ஏழு. வெளிய தொடச்சு வெச்சிருக்கறேன், ஒரே மண்ணும் கரியுமா வந்துச்சு. ஈரத் துணி இல்லீங்க, காஞ்ச துணிதான். சரி, லேசா ஈரம். பூபதி விழுந்தப்ப இதுவும் கூடத்தான் விழுந்துச்சு, மேல கொஞ்சம்... அதோட எப்படி வெக்கறது சொல்லுங்க?

ஆயுத பூசை அன்னிக்கு இது எப்படி இருந்துச்சு தெரியுங்களா? அத நீங்க பாத்திருக்கோணும். எங்க கம்பெனி பூசைன்னா சுத்துவட்டாரத்துல பேரு. வாசல்ல வாழைக்கன்னு, ஒவ்வொரு சம்மட்டிக்கும் மாலை, பொரிகடலை மூட்டை மூட்டையா வந்து எறங்கும். என்ற ஸ்டோருக்குன்னு தனியா நான் பண்ணுவேன். இந்த வருசம் வெள்ளை வேட்டிய விரிச்சு, பன்னெண்டு ஹெட்செட்டையும் வரிசையா உக்கார வெச்சேன். கடையில விக்கற பொடி இல்லீங்க தம்பி, வீட்டுல கல்லுல பன்னீரு விட்டு நானே ஒரசுன சந்தனம். வெண்ணெயாட்டம். காதுக் கிண்ணத்துக்கு முன்னால, ரெண்டு பக்கமும், ஒரு ரவுண்டு இருக்குது பாருங்க, கருப்பாப் பஞ்சு வெச்சு? பொட்டு வெக்கறதுக்குன்னே செஞ்சாப்பல. அங்க சந்தனத்த நல்லா அழுத்தி வெச்சு, நடுவால குங்குமம். இருவத்தி நாலு பொட்டு. கண்ணு பட்டுரும் போல இருந்துச்சு. மேனேஜரே நின்னு பாத்துட்டு, திருமூர்த்தி, ஹெட்செட்டுக்கும் பூசை பண்ணிப்போட்டயேன்னு சொல்லி போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாரு. இன்னும் இருக்குது, போறப்பப் பாத்துட்டுப் போங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

நம்ம பழக்கம் தெரியுமில்லீங்க, பூசைப் பொட்ட யாரும் தொடைக்கறதில்ல. லேத்துல, கிரேன்ல எல்லாம் பாருங்க, போன வருசத்துப் பொட்டே இன்னும் இருக்கும். தானா உதிரோணும். மத்தவனுக நெகத்துல சொரண்டிப் போட்டானுக, சட்டையில ஒட்டுதாம். பூபதி மட்டும் கை வெக்கல. சாமிப் பொட்டுண்ணா, நமக்குக் காவலு, இருக்கட்டும்னு சொன்னான்.

அதுக்கப்புறந்தான் ஒரு ரோதனை. ரெண்டு நாளு கழிச்சு வந்தான். அண்ணா, ஏழு மந்தமா இருக்குது, ஆளு பேசறது கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குதுன்னான். புதுப் பேட்டரி போட்டுக் குடுத்தேன். மறுநாளும் வந்தான். வாங்கி என்ற காதுல மாட்டி, ஸ்விட்ச்சப் போட்டு, கையத் தட்டிப் பாத்தேன். எப்பவும் போலத்தான் இருந்துச்சு. மூணாம் நாளும் வந்து நின்னான். எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. ஏன்டா, நான் பாத்துட்டு நல்லாருக்குதுங்கறேன், உனக்கு மட்டும் என்ன, மாமனாரு வீட்டுச் சீதனமா கேக்கற, சத்தத்தக் கூட்டி வெச்சுட்டுப் போடான்னு ஏசிப்போட்டேன். சரிங்கண்ணான்னு போனான். ரெஜிஸ்டர்ல ஓக்கேன்னு எழுதுனேன்.

அதுக்கு அடுத்த வாரம் செவ்வாக்கெழமைங்க. காலையில பத்தரை மணி. சரக்கு வண்டி, சம்மட்டிக்கு மாட்டற இரும்பு அச்சுக் கட்டைய ஏத்திட்டு ரிவர்ஸ்ல வந்துச்சு. டிரைவரு பின்னால பாக்க முடியாது, ஆரன் அடிச்சுட்டே வந்தானாமா. பூபதி குனிஞ்சு கொறட்டுல எதையோ எடுத்துட்டு இருந்தான். ஆரன் அடிச்சும் திரும்பல. மூணு பேரு கத்துனாங்க. பேரு சொல்லிக் கத்துனாங்க. திரும்பல. வண்டிக்கும் அச்சு அடுக்கி வெச்ச ரேக்குக்கும் நடுவால முழங்காலு மாட்டிருச்சுங்க. என்ற கூண்டுல இருந்து நேரா தெரியும் அந்த எடம். அந்த மஞ்சக் கோடு போட்டிருக்குது பாருங்க, அங்க. வாயத் தொறந்து அலறுனான். நான் பாத்துட்டு இருந்தேன். வாயி தொறந்தது தெரிஞ்சுது...

விடுங்க. ஆஸ்பத்திரியில இருக்கறான். கம்பி வெச்சிருக்கறாங்க. நடப்பான்கறாங்க, எப்பன்னு தெரியல.

இப்ப என்னடான்னா, மேனேஜரு ஒரு பேப்பரு டைப் அடிச்சுக் குடுத்திருக்கறாரு. இந்தா, மேசையிலதான் இருக்குது. மூணே வரி. ஹெட்செட் நல்ல நிலையில் இருந்தது. அது தினமும் என்னால் சோதிக்கப்பட்டது. தொழிலாளி அதில் போன் மூலம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததே விபத்துக்குக் காரணம். கீழ என்ற பேரு, கையெழுத்துப் போட எடம். கூட உங்க ரிப்போர்ட்டு வேணுமாம், ஹெட்செட்டுல கோளாறு இல்லைன்னு. ரெண்டையும் நாளைக்கு விசாரணையில வெச்சாப் பூபதிய வேலைய விட்டு எடுத்துருவாங்க. கால் உடைஞ்சவன வேற எந்தக் கம்பெனி எடுக்கும்? பாட்டுக் கேட்டுக் கால ஒடச்சவன்னு பேரு வேற.

பாட்டுக் கேக்கற வசதி அதுல இருக்குதான்னா இருக்குது, நீங்கதானே வித்தீங்க. அவன் கேட்டானான்னா எனக்கெப்படிங்க தெரியும்? போனு லாக்கர்லதான் இருந்துச்சு. நாந்தான் தொறந்து துணியெல்லாம் எடுத்துக் குடுத்து விட்டேன், போனு அதுக்குள்ள இருந்துச்சு. மேனேஜருகிட்டச் சொன்னேன். அவரு, திருமூர்த்தி, உன்னைய லாக்கரப் பத்தி யாரு கேட்டான்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேசறது? எனக்கு ரிட்டையர்டு ஆக இன்னும் ரெண்டரை வருசம் இருக்குதுங்க. மொத ரெண்டு வரியும் சத்தியம். மூணாவது வரி அவங்க பாடு. நான் அப்படித்தான் மனசத் தேத்திட்டு இருக்கறேன். ஒரு வாரமாப் பேனாவ எடுக்கறதும் வெக்கறதுமா இருக்கறேன்.

அவன் சம்சாரம் மேகலான்னு, அந்தப் புள்ளயும் மூணு தடவ வந்துச்சு. ஈ.எஸ்.ஐ. பேப்பருக்கு ஆபீசுக்கு வர்றப்ப, இந்தக் கம்பி ஜன்னலுக்கு அந்தப்பக்கம் வந்து நிக்கும். முந்தானைய வாயில பொத்திட்டு, தலையக் குனிஞ்சுட்டு நிக்கும். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். ஒரு வார்த்த பேசாதுங்க. என்ன சாமி, என்ன வேணும்னு நானே கேட்டேன். அப்பவும் வாயத் தொறக்கல, கண்ணுல தண்ணி மட்டும் வருது. அப்புறம் போயிரும். எனக்கு வருத்தந்தாங்க. அண்ணான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் என்ன கல்லா? வீம்பு. அந்த வயசு அப்படி.

என்ன பண்றீங்க? அட, அந்தப் பஞ்ச ஏன் புடுங்கறீங்க? கொறடு வெச்சுப் புடுங்கறீங்களே, கிழிஞ்சா மாத்துப் பஞ்சு எங்கிட்ட இல்லீங்க.

வெள்ளைக் காயிதத்துல தட்டறீங்க. என்னங்க இது, மஞ்சளா. கட்டி கட்டியா உதிருது. பட்டறைத் தூசியா இருக்கும். இங்க எல்லாத்துலயும் தூசி...

குடுங்க இப்படி.

வாசம் இன்னும் போகலீங்க. பன்னீரு வாசம்.

எம்புட்டு உள்ள போயிருக்குது. நான் மேலாப்பலதானே வெச்சேன். அழுத்தித்தான் வெச்சேன், பொட்டு நிக்கோணுமில்ல. இந்த ஓட்டை வழியாத்தான் வெளிச் சத்தம் உள்ள போகோணுங்களா? ரெண்டு பக்கமும் அடைச்சுருச்சா? அப்ப ஆரனு, ஆளு கத்துனது, ஒண்ணும்...

இல்லீங்க. இருக்காது. நான்தான் மாட்டிப் பாத்தனே! மூணு நாளும் மாட்டிப் பாத்தேன். கையத் தட்டிப் பாத்தேன். எப்பவும் போல இருந்துச்சுங்கறேன். குடுங்க, இப்ப வேணா உங்க முன்னாடியே மாட்டறேன். இந்தா, மாட்டியாச்சு. நீங்க எதாச்சும் பேசுங்க. ம். கேக்குது. நல்லாக் கேக்குது. ஏழாம் நம்பர்னு சொன்னீங்க. கேக்குதில்ல? அப்புறம் என்ன?

என்னத்தக் காட்டறீங்க?

ஸ்விட்ச்சா?

போடவே இல்லியா.

தம்பி, அந்தக் கதவ ஒருக்காச் சாத்திப்போடுங்க. சும்மா சாத்துங்க. யாரும் வரமாட்டாங்க.

நீங்க என்ற மக வயசுப் பையன், உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. போன ஆடியில டெஸ்ட்டு எடுத்தாங்கன்னு சொன்னனே. கண்ணாடிப் பெட்டியில உக்கார வெச்சு, சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்கன்னாங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. அந்த டெஸ்ட்டு எடுக்கற பொண்ணு வெரலு மெஷின் மேல இருந்துச்சு, கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. அது அமுக்கறப்பெல்லாம் நானும் அமுக்குனேன். பாஸு. அஞ்சு வருசமா அப்படித்தான் பாஸு. வெளிய வந்து நானே எனக்குள்ள சிரிச்சுட்டேன், ஏமாத்திப்போட்டம்டான்னு.

என்னையாட்டமே சம்மட்டியில நின்னவரு கருப்பண்ணன்னு ஒருத்தரு, காது அன்பிட்டுன்னு வீட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. வீட்டுல அவரு மூலையில உக்காந்திருக்கறதப் பாத்தேன். பேரன் பேத்தி எல்லாம் பேசிச் சிரிச்சுட்டு இருக்குது, அவரு ஒவ்வொருத்தரு மொகமாப் பாத்துட்டு, எல்லாரும் சிரிச்சா தானும் சிரிக்கறாரு. ஆளு போயிட்டாருங்க, ஒடம்பு மட்டும் உக்காந்திருக்குது. அன்னிக்கு எனக்குப் பயம் புடிச்சுருச்சு. அதுக்கப்புறந்தான் நான் இப்படிப் பேச ஆரம்பிச்சேன். முந்தியெல்லாம் நான் பேசவே மாட்டேன் தம்பி, கேட்டுப் பாருங்க. நானே பேசிட்டு இருந்தா அடுத்தவங்க பேசறத நான் கேக்க வேண்டியதில்லீங்களே. எல்லாரும் நம்ம திருமூர்த்தி வாயாடின்னு நெனச்சுக்குவாங்க. நெனச்சுட்டுப் போகட்டும்.

ஆனா பூபதி மூணு நாளு வந்து சொன்னானே. ஹெட்செட்டப் போட்டாலும் எனக்கு ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். அந்தக் காத வெச்சு நான் சோதிச்சு, நல்லாருக்குதுன்னு சொல்லி, ஏசி வேற அனுப்பிச்சிருக்கறேன். ஓட்டையில எதுவும் படக்கூடாதுன்னு மேடம் சொல்லுச்சுங்க. இப்ப ஞாபகம் வருது. சொன்னப்ப போர்டப் பாத்துத் திரும்பி நின்னுச்சு, வாயி தெரியல. பொறவு பூபதிதான் எனக்குச் சொன்னான், ஒலி வாங்கற ஓட்டையாமாண்ணா, அதப் பாத்துக்கோணுமாமான்னு. சரி சரின்னு தலைய ஆட்டுனேன். பூசை அன்னிக்கு அது ஒண்ணும் என்ற புத்தியில இல்ல. பொட்டு வெக்க எடம் கெடைச்சுதுன்னு சந்தோசப்பட்டேன்.

அய்யோ. அந்தக் காலு. நான் ஒரசுன சந்தனம்.

இப்ப என்னங்க பண்றது நானு? நெசத்தச் சொன்னா மொதக் கேள்வி, ரெண்டு வருசமா ஓக்கே போட்டது யாரு? நீ என்னத்தக் கேட்டுப் போட்டேன்னு கேப்பாங்க. வா, மறுக்கா டெஸ்ட்டுக்குன்னு இழுத்துட்டுப் போவாங்க. அப்புறம் மூலையில உக்கார வேண்டியதுதான். சொல்லாட்டி அவன் போவான். எந்தப் பக்கம் திரும்புனாலும் கம்பிதானுங்க. நீங்க வேணா ஒண்ணு பண்ணுங்களேன், பஞ்ச மறுபடியும் வெச்சுருங்க. சுத்தமாத்தானே இருக்குது இப்ப. கோளாறு இல்லைன்னு எழுதுனாலும் பொய்யில்லீங்களே. இந்தக் காயிதத்த மடிச்சு நான்... உங்களுக்கென்ன போச்சு? நீங்க ஊருக்குப் போயிருவீங்க.

சரி. சரிங்க. அப்படிப் பாக்காதீங்க. கேட்டிருக்கக் கூடாதுதான்.

சம்மட்டி நின்னுருச்சுங்களா? மேசை ஆடறது நின்னுருச்சு, அப்ப சாப்பாட்டுச் சங்கு ஊதியிருக்கும். போங்க, நீங்களும் கேண்டீன்ல சாப்பிட்டுட்டு வாங்க. இன்னிக்கு...

என்ன, மறுக்காவும் மாட்டச் சொல்றீங்களா? எதுக்குங்க? எனக்குத்தான் ஒண்ணும்... சரி, மாட்டுங்க. நீங்களே மாட்டுங்க. ஸ்விட்ச்சுப் போட்டீங்களா? சத்தத்த முழுசாக் கூட்டறீங்களா? நான் ஒரு நாளும் அதத் தொட்டதில்லீங்களே.

ஏப்பா!

இதென்னங்க இது. கரகரன்னு. காத்தாடிங்களா? மேல சுத்தற காத்தாடியா இப்படிக் கத்துது? பதினோரு வருசமா எந் தலைக்கு மேல சுத்துது, இப்படிக் கத்துதுன்னு தெரியாதுங்க எனக்கு. உங்க வாட்சு கூடக் கேக்குது. பேசுங்க, நீங்க பேசுங்க, குனிஞ்சே பேசுங்க. அட, உங்க கொரலு இப்படியா? இவ்வளவு சின்னக் கொரலா? நான் என்னமோ கட்டைக் கொரலா இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்.

அங்க என்ன பாக்கறீங்க, எனக்குப் பின்னால?

யாரோ பேசறாங்க. பொம்பளக் கொரலு. அண்ணாங்குது. அண்ணா, அண்ணாங்குது. நீங்க சொல்லாதீங்க தம்பி, இருங்க. எனக்கே கேக்குது.

நாலாந்தடவையா வந்திருக்கறேன்ணாங்குது. ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தானே இருக்கறேன்ணா, நீங்க பதிலே சொல்லாம வேற எங்கயோ பாக்கறீங்களேங்குது. அவுரு பாட்டுக் கேக்கலீங்கண்ணா, மந்தமா இருக்குதுன்னு உங்ககிட்ட மூணு நாளு சொன்னாராமே, அது ஒண்ண மட்டும் அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்கண்ணா...

மூணு தடவையும் இதையேதான் சொல்லுச்சுங்களா? இந்த ஜன்னல்ல நின்னு, முந்தானைக்குள்ள இதையேதான் சொல்லிட்டு இருந்துச்சா? நான் வீம்புன்னு... என்ன வேணும்னு நானே திரும்பத் திரும்பக் கேட்டுட்டு... அடக் கடவுளே.

அந்த டைப் அடிச்ச பேப்பர இப்படிக் குடுங்க. இல்ல, கிழிக்கல. பின்பக்கம் வெறுமையா இருக்குது, அதுலயே எழுதிக்கலாம். நீங்க எழுதுங்க தம்பி, நான் சொல்றேன். சந்தனத்த எழுதுங்க. மூணு நாளு அவன் வந்து சொன்னத எழுதுங்க. போனு லாக்கர்ல இருந்தத எழுதுங்க. சோதிச்சவனுக்குக் காது கேக்காதுன்னு எழுதுங்க. ஆமாங்க, என்ற காதத்தான் சொல்றேன், நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க. கீழ எடம் விடுங்க, திருமூர்த்தின்னு நான் கையெழுத்துப் போடறேன்.

கழட்டாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன், இத இப்பக் கழட்டாதீங்க, இன்னும் ஒரு அஞ்சு நிமிசம். நான் வாய மூடிக்கறேன்.

கிட்ட வா சாமி. முந்தானைய வாயில இருந்து எடுக்கோணும்னு கூட இல்ல. மொதல்ல இருந்து சொல்லு அம்மணி, இப்பக் கேக்குது.